பதினாறாம் படி

அவள் நகப்பூச்சால் சுவரில் இன்னொரு கோடு போட்டாள்.

படிக்கட்டுச் சுவரில், தண்ணீரின் விளிம்பில். ஏழாவது கோடு. முந்தைய ஆறும் தண்ணீருக்குள்.

மொத்தம் பதினெட்டுப் படிகள். பதினைந்தைத் தாமிரபரணி எடுத்துக்கொண்டது.

படிகளுக்கு மேலே ஒரே அறை. அதில் தெருவே இருந்தது. பத்தொன்பது பேர். கட்டிலில் இசக்கியம்மாள். பக்கத்தில், பிறந்து நாலு நாளான பிள்ளை.

அதற்கும் மேலே மொட்டைமாடி. அங்கே மழை. கட்டிய தார்ப்பாயைக் காற்று காலையிலேயே கொண்டுபோய்விட்டது.

படகு சாயங்காலம் வருமாம். ஹெலிகாப்டர் போட்ட சாப்பாட்டுப் பொட்டலம் பக்கத்துத் தென்னையில் மாட்டிக்கொண்டது. டெய்லர் தங்கத்துரை அடிக்கடி மாடிக்குப் போய்ப் பார்த்து, பொட்டலம் சௌக்கியம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

தண்ணீர் அறைக்குள் வந்தால் பெரியவர்கள் மாடியில் நனையலாம். பிள்ளை நனையக் கூடாது.

வழி சொன்னவர் வீட்டுக்காரர் பலவேசம். மாடியில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. ஒரு பக்கம் வாசல் மாதிரி அறுத்துவிட்டால் தாயும் பிள்ளையும் உள்ளே உட்காரலாம்.

தொட்டி வந்து பதினைந்து நாள்தான் ஆகிறது. அவர் வைத்த சந்தனமும் குங்குமமும் இந்த மழையில்தான் கரைந்தன. அது போனால் போகட்டும் என்றார்.

ஆனால் உள்ளே பாதித் தொட்டி குடிதண்ணீர் இருந்தது. பத்தொன்பது பேருக்கும் அதுதான்.

பதினாறாம் படியைத் தண்ணீர் தொட்டால் அறுப்பது. அதுவரை பொறுப்பது. அப்படித்தான் முடிவாயிற்று.

பிள்ளைக்கு ஆயிரம் லிட்டர் என்றே பெயர் வைத்துவிடலாம் என்றார் தங்கத்துரை. சிரித்தால் வயிறு வலிக்கிறது, சும்மா இரும் அண்ணாச்சி என்று இசக்கியம்மாள் கும்பிட்டாள்.

அளக்கும் வேலை கோடு போடுகிறவளுக்கு வந்தது. இயற்பியல் படித்த பெண், எதிர்வீடு. மூன்று வருடமாகத் தெருவில் யாரும் அவள் குரலைச் சரியாகக் கேட்டதில்லை.

முதல் கோடுகளைத் தண்ணீர் சாண் சாணாகத் தாண்டியது. கடைசி மூன்றையும் விரற்கடை விரற்கடையாக.

மலையில் அணைகள் வழிந்தன. கீழே கடல் ஏற்றத்தில் இருந்தது. ஆற்றை உள்ளே விடவில்லை. பன்னிரண்டுக்கு மேல் கடல் வற்ற வேண்டும்.

வற்ற வேண்டும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அணைகளைப் பற்றித் தெரியாது.

பன்னிரண்டு இருபது.

தண்ணீர் பதினாறாம் படியில் மெல்லப் பரவியது.

மேலேயிருந்து பலவேசம் கேட்டார். தொட்டுட்டா?

"தொட்டுட்டு மாமா. அறுக்காதீங்க."

இவ்வளவு பெரிய குரல் எங்கே இருந்தது என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

கடலைப் பற்றித் திக்கித் திக்கிச் சொன்னாள். அரை மணி நேரம் அவகாசம் கேட்டாள். நீ சொன்னால் கடல் கேட்குமா தாயி என்றார் தங்கத்துரை.

பலவேசம் ரம்பத்தோடு இசக்கியம்மாளைப் பார்த்தார். பிள்ளை அவளுடையது.

இசக்கியம்மாள் கடலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இப்பதான் மாமா தூங்கினான். ரம்பச் சத்தத்துல முழிச்சுக்கிடுவான். அவ சொல்ற வரைக்கும் பொறுங்க."

அவள் எட்டாவது கோடு போட்டாள். கோடு கோணலாக விழுந்தது.

தண்ணீர் கோட்டை நக்கியது. நின்றது. மறுபடி நக்கியது.

நக்கிக்கொண்டே இருந்தது.

ஒரு மணிக்கு, கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குச் சேறு தெரிந்தது.

அவள் சொல்லவில்லை. ஒரு விரல் போதாது.

இரண்டு விரல் ஆனதும் சொன்னாள். பழைய குரலில்.

யாரும் நம்பவில்லை. ஒவ்வொருவராக இறங்கி வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். தங்கத்துரை தொட்ட விரலை முகர்ந்தும் பார்த்தார். இசக்கியம்மாள் கட்டிலில் இருந்தபடியே என்ன என்ன என்று கேட்டாள். யாரோ அவளுக்குச் சேறு பட்ட விரலைக் காட்டினார்கள். சிரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பலவேசம் கடைசியாக வந்தார். அதற்குள் இரண்டரை மணி.

கோடு போட்டவளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். தொட்டித் தண்ணீர். அவள் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

பிறகுதான் கையில் ரம்பம் இருப்பதைக் கவனித்தார். குனிந்து அதைக் கீழே வைத்தார்.

பதினைந்தாம் படியில்.