முந்நூற்று நாற்பதாவது வரி

பச்சைக் குழந்தைகளுக்கு மருந்து ஏற்றும் இயந்திரத்துக்கு அவள் வீட்டிலிருந்தே நிரல் எழுதுகிறாள். நிரலை ஓட்டாமலே, வாசித்தே பிழை பிடிக்கும் கருவியை அன்று காலை ஏஐ உதவியாளரோடு இணைத்தாள். கருவி பிழையையும் எழுதியவர் பெயரையும் சொல்லும். உதவியாளர் உடனே திருத்தும். இவ்வளவு ஒற்றுமையான மாமியார் மருமகளை அவள் பார்த்ததே இல்லை.

ஒரே எச்சரிக்கை மிஞ்சியது: “வரி 340. குழந்தையின் எடை பூஜ்யமானால் கணக்கு உடையும்.”

“கோப்பே முந்நூறு வரிதானே!” என்று தட்டினாள்.

“ஆமாம். காத்திருக்கிறேன்,” என்றது உதவியாளர்.

சாயங்காலம், எடையால் வகுக்கும் வரி ஒன்றை எழுதினாள். பூஜ்யத்தை மறந்தே போனாள். அந்த வரியின் ஓரத்தில் 340 என்றிருந்தது. அவள் விரலை எடுப்பதற்குள் உதவியாளர் அதைத் திருத்திவிட்டது.

“அடேங்கப்பா, சரியான கில்லாடிங்க இது! ஒரு பிள்ளையோட உசுரு தப்பிச்சுது,” என்றாள் கணவனிடம்.

“அப்போ வேலை முடிஞ்சுதா?”

“இன்னும் ஒண்ணு காட்டுதே.”

வரி 9112. அதே பிழை. எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் அவர்கள் மகளின் பெயர் இருந்தது. அதன் கீழே, “காத்திருக்கிறேன்.”

இதுவரை தவழ்ந்துகொண்டிருந்த மகள், மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு முதன்முறையாக எழுந்து நின்றாள்.