ஏற்றத்தில் ஒரு மாப்பிள்ளை கார்

"அண்ணே, மாப்பிள்ளை கார் முதுகு தெரியுது!" மலைப்பாதை வளைவிலிருந்து தம்பி மாரி போனில் பதறினான்.

பெண்ணின் அப்பா சின்னப்பையன் போனைக் காதோடு அழுத்தினார். கள்ளக்குறிச்சி சம்பந்தி வீட்டு வழக்கப்படி, கொள்ளுத்தாத்தா பாண்டிச்சேரியில் வாங்கிய நூறு வருஷத்துக்கும் முந்தைய பிரெஞ்சுக் காரை மாப்பிள்ளையே ஓட்டிவர வேண்டும். அது கரியாலூர் ஏற்றத்தில் ஏறுமா என்றுதான் காலையிலிருந்து கவலை. இப்போது அதைவிடப் பெரிய பயம். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம், மலைக்காரப் பெண் என்று அடிவாரத்தோடு திரும்பியிருந்தது.

"நல்லா பாருடா!"

"மூஞ்சி கீழப் பாத்துக்கினு இருக்குதுண்ணே. திரும்பிட்டாங்க!"

மணக்கோலத்தில் நின்ற மகள் தமிழ்ப்ரியாவை ஏறிட்டுப் பார்க்கவே அவருக்குத் தைரியமில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் டபடபவென்று சத்தம். கார் பின்பக்கமாகவே பந்தலுக்கு வந்து நின்றது. மாப்பிள்ளை பிரவீன்குமார் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இறங்கினான்.

"இதுல பம்பு கெடையாது, ஏத்தத்துல நேரா வந்தா பின்னால இருக்குற டேங்க்லேருந்து பெட்ரோல் இஞ்சினுக்கு எறங்காது மாமா. மலை முழுக்க ரிவர்ஸ்லதான் வந்தேன்."

சின்னப்பையன் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"நேரா வந்தவங்க எல்லாம் திரும்பிப் போயிட்டாங்க. நீங்க முதுகைக் காட்டிக்கினே மேல வந்துட்டீங்களே மாப்ளே!"