அக்காவுக்கு ஜாமீன்

நீதிமன்ற அலுவலகத்தின் மூன்றாவது மேசையில் சன்னல் வெயில் பாதிப் படிவத்தில் மட்டும் விழுகிறது. அம்மா போய் இரண்டு மாதமாகிறது. வீட்டைத் தம்பிக்கென்று டிரஸ்ட் ஆக்கி, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அக்காவிடம் விட்டிருக்கிறாள். பொறுப்பேற்க அக்கா பிணைப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதில் ஜாமீன் கையெழுத்துப் போட வருவதாகச் சொன்ன மாமாவின் போன் காலையிலிருந்து அணைந்தே கிடக்கிறது. குமாஸ்தா பேனாவின் பின்புறத்தால் காலிக் கட்டத்தைத் தட்டுகிறார். "உங்களை நம்பிக் கையெழுத்துப் போட வேற யாருமே இல்லையாம்மா?" அக்கா கைப்பையின் வாரை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். மின்விசிறி முனகுகிறது. "நான் இருக்கேனே," என்று எழுந்து நிற்கிறான் தம்பி. நாற்பது வயது, காதோரம் நரை. தன் பெயரை எழுதக் கற்கவே ஏழு வருடம் ஆனவன். "அக்காவுக்கு நான் போடுறேன். எனக்கு எழுத வரும்." குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றுகிறார். "நீ போடக் கூடாதுப்பா. அக்கா உன்னை ஏமாத்திட்டா என்ன பண்றதுன்னுதான் இந்தக் கையெழுத்தையே கேக்குறாங்க." தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அம்மா போன பிறகு இவ்வளவு நல்ல வேடிக்கையை அவன் கேட்டதே இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அக்கா அவனைத் தன் பக்கம் திருப்புகிறாள். சட்டையின் மேல் பொத்தான் இடம் மாறி மாட்டியிருக்கிறது, அதைக் கழற்றுகிறாள். சிரிப்பு அடங்காமலே, அவள் கைக்கு வாகாகத் தாடையைத் தூக்கி, கழுத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறான் அவன்.