நீட்டிய கோல்

வளைவு வந்ததும் அவன் நின்றான்.

ஒரு காலை முன்னால் வைத்து, கோலை ஊன்றி, பள்ளத்தாக்கைப் பார்த்தான். பள்ளத்தாக்கில் மூடுபனியைத் தவிர ஒன்றுமில்லை.

பின்னால் வந்த மனைவியும் நிற்க வேண்டியிருந்தது.

உண்மையில் அது கோல் அல்ல. கேமராவைத் தாங்குவதற்கான ஒற்றைக் கால். மோனோபாட். கடைக்காரன் சொன்ன அந்தப் பெயரை வீட்டில், அலுவலகத்தில், லிஃப்டில் என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னான். இனிமேல் பறவைகள்தான் என்றான்.

அதன் பிறகு எடுத்தது பால்கனியில் வந்து உட்கார்ந்த ஒரு காக்கையை. அதுவும் பாதிக் காக்கை.

இன்றும் கேமரா பைக்குள்ளேயே இருந்தது. கால் மட்டும் மலையேறியது.

"கார்பன் ஃபைபர் சார். கையில இருக்கறதே தெரியாது."

நடைக்குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டான். மரக்கிளையை ஒடித்து ஊன்றி வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

ஏறும்போது அவளுக்கு முழங்கால் வலித்தது. கொஞ்ச தூரம் கொடுங்கள் என்று கேட்டாள்.

"உன் உயரத்துக்குச் சரி வராது, சுகந்தி."

உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும்தான் அதில் அத்தனை திருகுகள்.

அவனிடம் சொல்லாத பதில்கள் அவளுக்குள் ஒரு வீட்டையே நிறைக்கும் அளவுக்கு இருந்தன.

இறங்கும்போது மழை தூறியது.

மற்றவர்கள் முன்னே போய் வளைவில் மறைந்துவிட்டார்கள். கடைசியில் மூன்றே பேர். முதலில் அவன். அவனுக்குப் பின்னால் ராஜாமணியக்கா, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ், குழுவிலேயே மூத்தவர். சற்றுத் தள்ளி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவள்.

ஈரச் சருகில் ராஜாமணியக்காவின் கால் வழுக்கியது.

சத்தமே இல்லை. பாதையின் ஓரம் உடைந்தது. இடுப்பு வரை சரிவுக்குள் போய்விட்டார். ஒரு கை புல்லைப் பிடித்தது. புல் வேரோடு வந்தது.

அவன் திரும்பினான்.

கோல் அவன் கையில் இருந்தது. எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ராஜாமணியக்கா அதை நோக்கிக் கையை நீட்டினார்.

அவன் கோலை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். இரண்டு கைகளாலும்.

அவள் கத்திக்கொண்டே ஓடினாள். வலித்த கால் மடங்கியது. விழுந்து எழுந்தாள்.

அதற்குள் ராஜாமணியக்காவுக்கு ஒரு மரத்தின் வேர் அகப்பட்டுவிட்டது. அதைப் பற்றி, ஒரு முட்டியைப் பாதையில் வைத்து, மூச்சு வாங்கினார்.

அப்போது அவன் கோலை நீட்டினான்.

கூச்சல் கேட்டு மற்றவர்கள் ஓடி வந்தபோது பார்த்தது இதைத்தான். கோலின் ஒரு முனையில் அவன். மறுமுனையில் சேறும் சிராய்ப்புமாக ராஜாமணியக்கா.

"தம்பி இல்லீன்னா இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பனுங்க," என்றார் அவர்.

யாரோ கைதட்டினார்கள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கமாம்.

அடிவாரத்து டீக்கடையில் கதை முதல் முறை சொல்லப்பட்டது. கோல் கையிலிருந்து கைக்குப் போனது. ஒருவர் அதைத் தூக்கிப் பார்த்து எடையை மெச்சினார். ஒருவர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

"யோசிக்கவே நேரமில்ல சார். கை தன்னால நீண்டுருச்சு."

பொய் சொல்லும்போது அவன் டீயை ஊதி ஊதிக் குடித்தான். சூடு பட்டால் நாக்குக்கு ஆகாது அவனுக்கு.

"நீங்க பின்னாலதான இருந்தீங்க? பாத்தீங்களா மேடம்?" என்று ஒருவர் அவளிடம் கேட்டார்.

அவன் அவளைப் பார்த்தான். அன்றைக்கு அவன் அவள் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பாத்தேன்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். டீ கசந்தது. இத்தனை நாள் அவனுக்கென்றே வைத்திருந்த அருவருப்பில் ஒரு பங்கு தன் பக்கமும் திரும்பியது தெரிந்தது.

வேனில் அவன் பக்கத்து இருக்கையில் கோலைச் சாய்த்து வைத்திருந்தான். அவள் அதைத் தாண்டிப் போய்ப் பின் வரிசையில், ராஜாமணியக்காவின் அருகில் உட்கார்ந்தாள். கைக்குட்டையை நனைத்து, அவருடைய உள்ளங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள்.

"எரியுதாக்கா?"

"இல்ல."

முன்னால் கதை இரண்டாம் முறை முடிந்தது. இந்தத் தடவை சரிவு இன்னும் ஆழமாகியிருந்தது.

ராஜாமணியக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"நானும் பாத்தேன், கண்ணு."

அவள் கை நின்றது.

"அப்புறம் ஏங்கா அப்படிச் சொன்னீங்க?"

"மேல ஏறி நிமிந்தா உம் மொகந்தான் தெரிஞ்சுது. எல்லாரும் வந்துட்டாங்க. வேற என்னத்தச் சொல்றது?"

காது மடல் வரை சுட்டது. அவன் எப்படிப்பட்டவன் என்பது தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். சாகக் கிடந்த ஒரு பெண், மேலே வந்த மறு நிமிடம், அவளுக்காக இரக்கப்பட்டிருக்கிறாள்.

அவன் மேல் அல்ல. அவள் மேல்.

கைக்குட்டையை மடித்து ராஜாமணியக்காவின் கையில் வைத்தாள். எழுந்தாள். வேன் திரும்பிய திருப்பத்தில் இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனாள்.

டிரைவர் விவரம் கேட்டிருப்பார் போல. அவன் மூன்றாம் முறை தொடங்கியிருந்தான்.

"அப்ப நான் என்ன பண்ணேன்னா..."

"நான் சொல்றேன்," என்றாள்.