பத்தரை மணி விமானம்

வடிவின் எண்ணை ஆசிக் முதல்முறையாகத் தானே அழைத்தான்.

பதினான்கு மாதங்களாக அழைத்ததெல்லாம் அவள்தான். விமான நிலைய நிர்வாகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், சத்தம் பற்றிய புகார்களை வாங்கும் மேசை ஆசிக்குடையது. காலை பத்தரை மணி விமானம் காட்டுப்பாக்கத்து மொட்டை மாடிகளை உரசுவதுபோல் இறங்கிப் போன மறு நிமிடம் அவன் மேசையில் தொலைபேசி அடிக்கும்.

"இன்னா தம்பி, இன்னிக்கும் உட்டுட்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

கத்திப் பேசுவாள். ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவன் எழுதுவான்.

பெரிய ஓடுபாதையில் பழுது பார்த்தபோது, காலை விமானங்களைக் குறுக்கே இருக்கும் சின்ன ஓடுபாதைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அந்த வழிக்கு நேர் கீழே வடிவின் வீடு. பழுது வேலை எப்போதோ முடிந்துவிட்டது. திருப்பியதைப் பழையபடி மாற்றத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அவள் கணவர் பரந்தாமனுக்கு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் இரவு வேலை. பகலில்தான் தூங்கியாக வேண்டும். கண்ணை மூடினால் ஒன்று வரும். கொஞ்சம் அசந்தால் அடுத்தது வரும்.

போன ஆவணியில் பிரஸ் மெஷினில் ஒரு விரல் போனது. ஒரே ஒரு கணம் கண் செருகிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னாராம்.

அதையும் வடிவு கத்தித்தான் சொன்னாள். "இன்னும் ஒம்போது வெரல் கீது தம்பி. எழுதிக்கோ."

அவன் எழுதிக்கொண்டான்.

ஒரு புகாருக்குப் பதில் அனுப்பிவிட்டால் அது முடிந்ததாக அர்த்தம். ஒரே அம்மாதானே திரும்பத் திரும்பப் பேசுகிறார், ஒரு பதிலை அனுப்பி எல்லாவற்றையும் மூடிவிடு என்று மேலதிகாரி ஜெயராமன் பலமுறை சொல்லிப் பார்த்தார்.

"அம்மா ஒருத்தர்தான் சார். ஃப்ளைட் வேற வேற" என்றான் ஆசிக்.

எதையும் அவன் மூடவில்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, நிமிடம், எந்த விமானம், எவ்வளவு தாழ்வாகப் போனது என்று எழுதினான். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பட்டியலோடு ஒப்பிட்டான். ஒரு நிமிடம்கூட அவள் மிகைப்படுத்திச் சொன்னதில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு புகார்கள் சேர்ந்தன. அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு மூன்று கூட்டங்களுக்குப் போனான். முதல் இரண்டில் யாரும் பிரிக்கவில்லை. மூன்றாவதில், மாற்றலாகி வந்த ஒரு பெண் அதிகாரி பிரித்தார். பத்து நிமிடம் படித்தார். பெரிய பாதைதான் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் இந்தப் பக்கம் இறக்குகிறோம் என்று மட்டும் கேட்டார்.



கோப்பில் முதல் கையெழுத்தை ஜெயராமனே போட்டு மேலே அனுப்பினார்.

இன்று முதல் மதியம் ஒரு மணி வரை அந்தப் பக்கமாக எதுவும் இறங்காது. மூன்று மாதம் சோதனை, பிறகு முடிவு செய்யலாம் என்று உத்தரவு. கடிதம் தபாலில் போய்ச் சேர நான்கு நாளாகும். அதனால்தான் அவனே அழைத்தான். மணி பத்தே முக்கால்.

வெகுநேரம் அடித்தது. எடுத்ததும் கதவைச் சாத்தும் ஓசை கேட்டது. அதன்பின் மிக மெல்லிய குரல்.

"சொல்லு தம்பி."

இப்படி ஒரு குரலை அவளிடம் அவன் கேட்டதேயில்லை. உத்தரவு ஒரு நாள் பிந்தி வந்துவிட்டதோ என்று பயந்தான்.

"ஏம்மா மெதுவா பேசுறீங்க? அண்ணன் நல்லா இருக்காரா?"

"தூங்கிகினு கீறாரு" என்றாள். "எட்டு மணிக்குப் படுத்தவரு, பொரளக்கூட இல்ல. மூச்சு வர்தான்னு ரெண்டு வாட்டி மூக்காண்ட கைய வெச்சிப் பாத்துட்டேன்."

அவன் உத்தரவைச் சொன்னான். மூன்று மாதம் கழித்துத் திரும்ப வருமா என்று கேட்டாள். தெரியாது, வந்தால் கூப்பிடுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றான். கட்டாயம் கூப்பிடுவேன் என்றாள். அதையும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள்.

வைக்கும் முன் ஒன்று கேட்டாள். வார்டு ஆபீசில் சொன்னபோதும் சரி, போலீஸ் ஸ்டேஷனில் சொன்னபோதும் சரி, அப்படி என்னம்மா பெரிய சத்தம் என்றுதான் கேட்டார்களாம். ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிற நீ மட்டும் ஒரு நாள்கூட அப்படிக் கேட்டதில்லையே, ஏன் என்றாள்.

"என் வேலைதானேம்மா" என்று சொல்லி ஆசிக் ரிசீவரை வைத்தான்.

பிறகு தன் கைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தான்.

வீடு காட்டுப்பாக்கத்தில்தான். வடிவின் தெருவுக்கு அடுத்த தெரு. விமான நிலைய ஊழியர் வீட்டிலிருந்து புகார் தரக் கூடாது என்பது விதி.

இந்த நேரத்தில் அழைத்தால் அவன் மனைவி ரேஷ்மா முதல் மணியிலேயே எடுப்பாள். பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி முடிந்து வந்து, தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு விழித்தபடியே கிடப்பாள்.

இன்று மணி அடித்துக்கொண்டே இருந்தது. முழுதாக அடித்து ஓய்ந்தது.

ஆசிக் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான். மறுபடி அழைக்கவில்லை.