தெரு எண்ணிய மாதங்கள்

"சீக்கிரம் வாடி. உள்ள இன்னா முட்டையா போட்டுக்கினு இருக்க?"

கக்கூஸ் கதவுக்கு வெளியே அத்தை ரங்கம்மாள். தியாகதுருகத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். கர்ப்பம் பார்க்கிற அட்டையை அங்கேயே மருந்துக்கடையில் வாங்கி, வெற்றிலைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

உள்ளே தமிழ்மொழி, அட்டையில் சொட்டு விட்டுவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது. எந்தப் பையனும் அவள் விரலைக்கூடத் தொட்டதில்லை.

ஆனால் மூன்று மாதமாக அவள் தூரமாகவில்லை.

அந்தத் தெருவில் இதை மறைக்க முடியாது. தூரமான பெண் வீட்டுக்குள் வரக்கூடாது. மாட்டுக்கொட்டாய் ஓரம் சாக்கு விரித்துப் படுக்க வேண்டும். அவள் சாக்கு விரிக்காத மாதங்களைத் தெரு எண்ணியது. எண்ணி, தியாகதுருகத்துக்குப் போனும் போட்டது.

என்றைக்கிலிருந்து என்று ஒருத்தியாவது கேட்டிருக்கலாம். பூ வைத்து நிச்சயம் செய்த நாளிலிருந்து என்று சொல்லியிருப்பாள்.

கரும்பு லோடு சரிந்து அப்பா செத்து அப்போது வருஷம்கூடத் திரும்பவில்லை. இருக்கிற கஞ்சியில் ஒரு வயிறாவது குறையட்டும் என்று அம்மா அழுதுகொண்டே தட்டு மாற்றினாள். மாப்பிள்ளை அத்தை மகன் அய்யப்பன். பொக்லைன் ஓட்டுகிறவன். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன்.

அன்றிலிருந்து சோறு தொண்டையில் இறங்கவில்லை. படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கொழுப்பு என்றாள் அத்தை. காத்து கருப்பு என்று அம்மா வேப்பிலை அடித்தாள்.

அதோடு தூரமாவதும் நின்றது. அதற்கு மட்டும் எல்லோரும் ஒரு பையனைத் தேடினார்கள்.

வெளியே அத்தையின் குரல் ஏறியது. "ஒரு கோடு வந்தா வர்ற வெள்ளிக்கிழம தாலி. ரெண்டு வந்தா உறவே வேணாம்னு அறுத்துக்கினு போய்க்கினே இருப்பேன், பச்சையம்மா."

"என் வயித்துல பொறந்தவ அண்ணி. ஒண்ணுதான் வரும், பாருங்க."

ஒன்றுதான் வந்தது.

தமிழ்மொழி காத்திருந்தாள். இன்னொன்று வருவதாக இல்லை. அவள் சுத்தமான பெண் என்று அட்டை சொல்லிவிட்டது. சுத்தமான பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம்.

வாய் தானாக விரலுக்குப் போனது. கடிக்க நகம் மிச்சமில்லை, சதைவரை தின்றிருந்தாள். கட்டைவிரல் ஓரத் தோலைப் பல்லால் பற்றி இழுத்தாள். ரத்தம் பொட்டாகத் திரண்டது.

துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை ஒடித்து ரத்தத்தில் தொட்டாள். வந்த கோட்டுக்குப் பக்கத்தில், அதே நீளத்துக்கு, நிதானமாக இழுத்தாள். ஊதிக் காயவைத்தாள்.

தெரு இனி என்னென்ன பேசும், அம்மா எதை எடுத்து அடிப்பாள், எல்லாம் தெரிந்துதான் தாழ்ப்பாளை நீக்கினாள்.

அம்மா சிரித்த முகமாகக் கை நீட்டினாள்.

தமிழ்மொழி அந்தக் கையைத் தாண்டிப் போய், அட்டையை அத்தையிடம் கொடுத்தாள்.

"நல்லா பாத்துக்குங்க அத்த."