இரண்டாவது தூண்டில்

"மீனைக் காட்டுங்க."

ரோந்துப் படகை ஒட்டி நிறுத்திவிட்டு, மீன்வளக் காவலர் மெர்வின் கையை நீட்டினார். ஆர்வில் தன் படகிலிருந்து ஒரே ஒரு டிரவுட் மீனை எடுத்துக் கொடுத்தார். நாற்பது வருடமாக இந்த ஏரியில் ஒரு விதியையும் மீறாதவர் அவர்.

மெர்வின் மீனை அளவுப் பலகையில் வைத்து மூக்கிலிருந்து வால்வரை பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. வருத்தப்பட்டது போலத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் அப்படித்தான். இந்த ஏரியில் படகில் தனியாகப் போகிறவர், இறகும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சிகளைக் கட்டி இரண்டு தூண்டில்களை இழுத்துக்கொண்டு போகலாம். கூட யாராவது ஏறிவிட்டால் ஒன்றுதான். பேரனை ஏற்றிக்கொண்டு பழக்க தோஷத்தில் இரண்டு போட்ட சொந்த மாமனாருக்கே அபராதம் எழுதியவர் மெர்வின். பேரனுக்கு அப்போது ஏழு மாதம்.

"லைசென்ஸ்?"

"இந்தாங்க." ஆர்வில் ஓரக்கண்ணால் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது. அக்கரையில் வான்கூவர் பஸ் நான்கு மணிக்கு.

ரோந்துப் படகின் பின்சீட்டில் இருந்தவன் எழுந்தான். மெக்கானிக் ஷெட் ரஸ்ஸல், மெர்வினின் பள்ளிக்கூடத்து நண்பன். தூண்டிலைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன். அவன் இந்தக் குளிரில் ஏரிக்கு வந்திருக்கிறான் என்றால் அது மீனுக்காக இல்லை.

"யோவ் பெருசு, என் பொண்டாட்டிய பாத்தியா? காலையிலேருந்து காணோம். படகுத்துறைப் பக்கம் வந்தாள்னு சொன்னாங்க."

"டார்லாவா? பாக்கலையேப்பா."

பார்க்காமல் என்ன? டார்லா அவர் காலடியில், தார்ப்பாய்க்குக் கீழே, மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். போன குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிக் கையில் கட்டுப் போட்டிருந்தவள். இன்று காலை ஆர்வில் வீட்டுக் கதவைத் தட்டி, "இனிமே அந்த வீட்டுல இருந்தா செத்துப்போயிடுவேன்" என்று மட்டும் சொன்னாள்.

சாலையில் போனால் வழியெல்லாம் ரஸ்ஸலின் கூட்டாளிகள். அதனால்தான் அவளை அக்கரை பஸ்ஸில் ஏற்றிவிட இந்தப் படகு. வேகமாகப் போனால் சந்தேகம் வரும் என்று, தினமும் போவது போலவே தூண்டிலை இழுத்துக்கொண்டு நடை வேகத்தில் கிளம்பினார். பாதி ஏரியில் வந்து மாட்டிக்கொண்டார். சுற்றிலும் தண்ணீர், ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது.

மெர்வினின் பார்வை லைசென்ஸை விட்டு நகர்ந்தது. பின்பக்கம் ஒரு தூண்டில் தண்ணீரில் இருந்தது. இன்னொன்று காய்ந்து கிடந்தது.

"இது ஏன் சும்மா கெடக்கு?"

ஆர்வில் அப்போதுதான் அதைக் கவனித்தார். யோசித்துச் செய்யவில்லை. படகில் இரண்டு பேர், அதனால் ஒரு தூண்டில் என்று, நாற்பது வருடப் பழக்கத்தில் கை தானாகவே மற்றதைப் போடாமல் விட்டிருக்கிறது. ஊரில் வேறு யாருக்கும் இது கண்ணில் பட்டிருக்காது.

"நூல் சிக்கிடுச்சு."

மெர்வின் எட்டி அந்தத் தூண்டிலை எடுத்தார். நூலை இழுத்துப் பார்த்தார். சரசரவென்று வந்தது. ஒரு முடிச்சுகூட இல்லை. அவர் மெதுவாகத் தார்ப்பாயைப் பார்த்தார். பிறகு ஆர்வில் முகத்தைப் பார்த்தார்.

அவ்வளவுதான், கதை முடிந்தது என்று ஆர்வில் நினைத்தார். பாவி, ஒரு தூண்டிலால் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டார். எழுபது வயதில் அழுகை வந்தது.

"என்னடா அங்க?" என்றான் ரஸ்ஸல். "பெருசு முழியே சரியில்ல. அந்தத் தார்ப்பாயைத் தூக்குறேன் பாரு."

அவன் ஒரு காலைத் தூக்கி ஆர்வில் படகின் விளிம்பில் வைத்தான். படகு ஆடியது. தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒரு கை ஆர்விலின் பூட்ஸை இறுகப் பற்றிக்கொண்டது.

"காலை எடுடா!"

மெர்வின் போட்ட சத்தத்தில் ரஸ்ஸல் திகைத்து நின்றான்.

"அடுத்தவன் படகுல ஏறிச் சோதனை போட நீ யாரு? யூனிஃபார்ம் போட்டவன் நான் இருக்கேன்ல?"

"டேய், ஃபிரெண்டுன்னுதானே உன்கூட வந்தேன்..."

"வீட்டுலதான் ஃபிரெண்டு. ஏரியில வாயை மூடிட்டு உக்காரு."

முணுமுணுத்துக்கொண்டே ரஸ்ஸல் பின்சீட்டுக்குப் போனான். மெர்வின் எஞ்சினை முடுக்கினார். அது உறுமத் தொடங்கியதும் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, லைசென்ஸை ஆர்வில் கையில் வைத்தார். அந்தச் சத்தத்தில் அவர் சொன்னது ஆர்விலுக்கு மட்டுமே கேட்டது.

"ரெண்டாவது தூண்டிலையும் போடுங்க, ஆர்வில்... படகுல நீங்க தனியாத்தானே போறீங்க!"